தெற்கின் குதிரைப்படைத் தளபதி மீண்டும் அமெரிக்க ஜெனரலானது எப்படி? ஜோசப் வீலர் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: ஏட்டுச்சுவடி

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நூல்களில், தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதிகளுடைய கதை பெரும்பாலும் 1865-ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு அவர்கள் வழக்கறிஞர்களாகவோ, இரயில் நிறுவன அதிகாரிகளாகவோ, பழைய சண்டைகளை நினைவுக் குறிப்புகளில் தொடர்ந்து நடத்தியவர்களாகவோ ஓரிரு வரிகளில் கடந்துபோகிறார்கள். ஜோசப் வீலரின் வாழ்க்கை அப்படி முடியவில்லை. அமெரிக்க இராணுவத்தில் இளம் அதிகாரியாகத் தொடங்கி, அதை விட்டு விலகி, நான்கு ஆண்டுகள் அதே இராணுவத்தை எதிர்த்துப் போரிட்டு, தோற்று, சிறைப்பட்டு, பிறகு காங்கிரஸ் உறுப்பினராகி, 1898-இல் அறுபது வயதைக் கடந்த நிலையில் அதே இராணுவத்தின் மேஜர் ஜெனரலாகக் கியூபாவில் ஸ்பெயினுக்கு எதிராகப் போரிட்டிருக்கிறார்.

இதில் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, இவருடைய போருக்கு முந்தைய வாழ்க்கையில், பின்னாளைய இந்தத் திரும்புதலை விளக்கும்படியான ஏதேனும் இருக்கிறதா? இரண்டாவது, நாட்டுக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஒருவருக்கு மீண்டும் அந்நாட்டின் படைத்தலைமையைக் கொடுக்கச் சட்டம் எவ்வாறு இடமளித்தது? போர்க்களச் சாகசங்களை விட, போருக்கு முன்னும் பின்னும் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும்.

மறுமொழி 1: வடகாற்று

உங்கள் முதல் ஐயத்திற்கு விடை தேட வேண்டிய இடம் அவருடைய குடும்பம். வீலர் 1836 செப்டம்பர் 10 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகருக்கு அருகில் பிறந்தார் என்பதால் அவரைத் தெற்கின் மண்ணில் ஊறியவர் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவருடைய பெற்றோர் வடக்கே நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து பிழைப்புக்காகத் தெற்கே வந்து குடியேறியவர்கள். தந்தையின் தொழில் நொடித்துப்போன பிறகு, சிறுவன் வீலர் கனெக்டிகட் மாநிலத்தில் உறவினர் வீட்டில் வளர்ந்து, அங்கேயே பள்ளிப் படிப்பையும் முடித்தார். ஆக, பிற்காலத்தில் வடவர்களை எதிர்த்து வாளேந்திய இந்த மனிதர் தம் இளமையின் பெரும்பகுதியை வடவர்களின் நடுவேதான் கழித்தார்.

1854-இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அங்கே ஐந்தாண்டுப் படிப்பு நடைமுறையில் இருந்தது. 1859-இல் தேர்ச்சி பெற்ற 22 பேரில் அவருக்குக் கிடைத்த இடம் 19. குதிரைப்படைப் போர்முறைப் பாடத்தில்தான் அவருடைய மதிப்பெண் மிகவும் தாழ்ந்திருந்தது என்று அவருடைய வாழ்க்கையை எழுதுபவர்கள் தவறாமல் குறிப்பிடுவார்கள். அதே மனிதர் 1863-இல் கூட்டமைப்புப் படைக்காகக் குதிரைப்படைப் போர்முறைக் கையேடு ஒன்றை எழுதி வெளியிட்டதை நினைக்கும்போது, தேர்வுத்தாள் திருத்தியவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ என்று தோன்றுகிறது.

படிப்பு முடிந்ததும் டிராகூன் எனப்பட்ட குதிரை வீரர்களின் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்ட் பதவி. பென்சில்வேனியாவின் கார்லைல் குதிரைப்படைப் பள்ளியில் சிறிது காலம். பிறகு நியூ மெக்சிகோ பிரதேசத்தில் இருந்த குதிரைத் துப்பாக்கிப் படைக்கு மாற்றம். அங்கே பழங்குடியினருடன் நடந்த ஒரு சிறு மோதலில் அவர் காட்டிய வேகத்தால்தான் 'ஃபைட்டிங் ஜோ' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. குள்ளமான, மெலிந்த உடல்வாகு கொண்ட அவருக்கு அந்தப் பெயர் கடைசி வரை நிலைத்தது.

1861 ஏப்ரலில் அவர் அமெரிக்க இராணுவத்தை விட்டு விலகினார். அவருடைய வளர்ப்பும் கல்வியும் வடக்கைச் சேர்ந்தவை. ஆனாலும் பிறந்த மாநிலமான ஜார்ஜியா பிரிந்தபோது அதனுடன் போவதே கடமை என்று முடிவு செய்தார். இவ்வாறு முடிவெடுத்த வெஸ்ட் பாயிண்ட் மாணவர்கள் பலர் உண்டு. பதவியிலிருந்து விலகுவதை அவர்கள் துரோகமாகக் கருதவில்லை, ஒரு வேலையை முறைப்படி விட்டு இன்னொன்றில் சேர்வதாகவே கருதினார்கள். அந்த மனநிலை, 1898-இல் அவர் எவ்விதத் தயக்கமும் இன்றி அமெரிக்க இராணுவத்தின் நீலச் சீருடையை மீண்டும் அணிந்துகொண்டதையும் ஓரளவு விளக்குகிறது என்பது என் கருத்து.

போர்க்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீரங்கிப்படையில் தொடங்கி, 19-ஆம் அலபாமா காலாட்படையின் கர்னலாக 1862 ஏப்ரலில் ஷைலோ போரில் போரிட்டு, அதே ஆண்டுக் கோடையில் கூட்டமைப்பின் ஜெனரல் பிராக்கின் குதிரைப்படைத் தலைவரானார். 1863 ஜனவரியில் மேஜர் ஜெனரல் ஆனபோது அவருக்கு வயது 26. எதிரிப் படையின் பின்புறம் சென்று வழங்கல் வண்டிகளை எரிப்பதில் அவருக்கு இணையானவர்கள் குறைவு. 1862 டிசம்பர் இறுதியில் ஸ்டோன்ஸ் ரிவர் போருக்குச் சற்று முன்னர் வடக்குத் தளபதி ரோஸ்கிரான்ஸின் படையை முழுவதுமாகச் சுற்றி வந்ததும், 1863 அக்டோபரில் சட்டனூகாவில் முற்றுகைக்கு உள்ளாகியிருந்த வடக்குப் படைக்கு உணவு கொண்டுசென்ற நூற்றுக்கணக்கான வண்டிகளைச் செக்வாச்சி பள்ளத்தாக்கில் அழித்ததும் இதற்குச் சான்றுகள்.

ஆனால் ஒரு தளபதியாக அவருக்கு இருந்த குறைகளையும் மறைக்கக் கூடாது. 1863 பிப்ரவரியில் டென்னசியின் டோவர் ஊரின் மீது அவர் நடத்திய தாக்குதல் படுதோல்வி அடைந்தபோது, அவருக்குக் கீழே இருந்த நேதன் பெட்ஃபர்ட் ஃபாரஸ்ட், இனி எந்நாளும் வீலரின் தலைமையில் போரிட மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். 1864 ஆகஸ்டில் கூட்டமைப்பின் ஜெனரல் ஹுட் அவரை வடக்கு ஜார்ஜியாவுக்கும் டென்னசிக்கும் நீண்ட சூறையாடலுக்கு அனுப்பினார். அதனால் அட்லாண்டாவைக் காத்த படை தன் கண்களையே இழந்துவிட, வடக்குத் தளபதி ஷெர்மன் நகரின் தெற்குப் புறமாகச் சுற்றிவந்து இரயில் பாதையை வெட்ட வழி பிறந்தது. அந்த முடிவு ஹுட்டுடையது என்றாலும், வீலர் திட்டமிட்டதை விட வெகுதூரம் போய்த் திரும்புவதற்குத் தாமதித்தார் என்ற குற்றச்சாட்டு அவரை விட்டு நீங்கவில்லை.

போர் முடிந்த கதை சுவையானது. 1865 மே மாதத்தில், தப்பியோடிக்கொண்டிருந்த கூட்டமைப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸுக்குத் துணைசெய்ய முயன்றபோது வீலர் ஜார்ஜியாவில் பிடிபட்டார். டேவிஸும் துணைத் தலைவர் ஸ்டீஃபன்ஸும் கொண்டுசெல்லப்பட்ட அதே கப்பலில் அவரும் வடக்கே அனுப்பப்பட்டு, டெலவேர் கோட்டையில் தனிச்சிறையில் அடைக்கப்பட்டார். ஜூன் மாதமே விடுதலை. 1866-இல் டேனியெல்லா ஜோன்ஸ் ஷெராட் என்ற இளம் விதவையை மணந்தார். 1863-இல் தாக்குதல் ஒன்றை முடித்துத் திரும்பும் வழியில் அவருடைய படை வடக்கு அலபாமாவில் தங்கியபோது ஏற்பட்ட அறிமுகம் அது. நியூ ஆர்லியன்ஸில் சில ஆண்டுகள் வணிகம் செய்து பார்த்துவிட்டு, 1870-இல் மனைவியின் குடும்ப நிலம் இருந்த அலபாமாவின் லாரன்ஸ் வட்டாரத்துக்கே குடிபெயர்ந்து, பருத்திச் சாகுபடியும் வழக்கறிஞர் தொழிலுமாக வாழத் தொடங்கினார்.

மறுமொழி 2: பின்னிரவு வாசகி

சட்டம் தொடர்பான இரண்டாவது கேள்விக்கு நான் விடையளிக்க முயல்கிறேன். வீலருக்கு எதிராகத் தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன; அவை ஒரே நாளில் நீங்கவில்லை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் படிப்படியாகக் கரைந்தன.

1865 மே 29 அன்று குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் பொதுமன்னிப்பு அறிவித்தபோது, அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்களின் பட்டியல் நீளமானது. கர்னல் பதவிக்கு மேற்பட்ட அதிகாரிகள், வெஸ்ட் பாயிண்டில் அரசு செலவில் பயின்றவர்கள், அமெரிக்க இராணுவப் பதவியைத் துறந்துவிட்டுக் கலகத்தில் சேர்ந்தவர்கள் ஆகிய மூன்று வகையிலும் வீலர் அடங்குவார். 1868 கிறிஸ்துமஸ் நாளன்று ஜான்சன் நிபந்தனையற்ற பொதுமன்னிப்பை வெளியிட்டதோடு, தேசத்துரோக வழக்குக்கான அச்சம் எல்லாருக்கும் நீங்கியது. ஆனால் மன்னிப்பு கிடைப்பது வேறு, பதவி வகிக்கும் உரிமை கிடைப்பது வேறு. அதே 1868-இல் நடைமுறைக்கு வந்த 14-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூன்றாம் பிரிவு, அரசியல் சட்டத்தைக் காப்பதாக ஒருமுறை உறுதிமொழி எடுத்துவிட்டுப் பிறகு கலகத்தில் ஈடுபட்டவர்கள் எவரும் குடிமை அல்லது இராணுவப் பதவி வகிக்கக் கூடாது என்றது. தடையை நீக்கும் அதிகாரம் காங்கிரஸின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குக்கே உண்டு. 1872-இல் நிறைவேறிய பொதுமன்னிப்புச் சட்டம் ஆயிரக்கணக்கானோருக்கு இந்தத் தடையை நீக்கியபோதும், முன்னாள் அமெரிக்க இராணுவ அதிகாரிகளை வெளியே நிறுத்தியது. அத்தகையோருக்குக் காங்கிரஸ் தனித்தனித் தீர்மானங்கள் மூலம் விலக்களித்து வந்தது. எஞ்சியிருந்தவர்கள் அனைவருக்கும் இந்தத் தடையை மொத்தமாக நீக்கிய சட்டம் வந்தது 1898 ஜூன் 6 அன்று, அதாவது ஸ்பெயினுடனான போர் நடந்துகொண்டிருந்தபோது.

இவை தவிர, இராணுவத்துக்கென்றே ஒரு தனித்தடை இருந்தது. போருக்குப் பிறகு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கூட்டமைப்புக்குப் பணியாற்றியவர்களை அமெரிக்க இராணுவத்தில் நியமிக்க முடியாது. வெனிசுலா எல்லைத் தகராறு காரணமாகப் பிரிட்டனுடன் போர் மூளுமோ என்ற பேச்சு எழுந்த சூழலில், 1896 மார்ச் 31 அன்று அந்தத் தடை நீக்கப்பட்டது. அது நீங்கியிராவிட்டால், இரண்டே ஆண்டுகள் கழித்து குடியரசுத் தலைவர் மெக்கின்லி வீலருக்குப் பதவி அளித்திருக்க முடியாது.

இதைவிடச் சுவையான சட்டச் சிக்கல் ஒன்று அவருடைய நியமனத்துக்குப் பிறகு எழுந்தது. காங்கிரஸ் உறுப்பினராக இருப்பவர் அரசின் கீழ் வேறொரு பதவியை வகிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் முதல் உறுப்பு தெளிவாகக் கூறுகிறது. வீலரோ 1898 மே மாதத்தில் மேஜர் ஜெனரல் பதவியை ஏற்றபோது தம் உறுப்பினர் பதவியை விட்டு விலகவில்லை. 1899 தொடக்கத்தில் பிரதிநிதிகள் அவையின் சட்டக்குழு இதை ஆராய்ந்து, வீலரும் அவரைப் போல இராணுவப் பதவி ஏற்ற வேறு மூன்று உறுப்பினர்களும் தங்கள் இடங்களை இழந்துவிட்டார்கள் என்று அறிக்கை அளித்தது. போரில் புகழ் பெற்றுத் திரும்பியவர்களின் பதவியைப் பறிக்கும் துணிவு அவைக்கு இல்லாமல்போனதால், அந்தத் தீர்மானத்தை விவாதத்துக்கு எடுக்கவே அவை மறுத்துவிட்டது. இறுதியில் 1900 ஏப்ரலில் வீலர் தாமாகவே விலகினார்.

ஏட்டுச்சுவடி

இருவருக்கும் நன்றி. மன்னிப்பும் பதவி உரிமையும் வேறுவேறு வழிகளில் வந்தன என்பது எனக்குப் புதிய செய்தி. ஆனால் சட்டம் கதவைத் திறந்தது என்பதால் மட்டும் ஒருவர் உள்ளே அழைக்கப்பட்டுவிடுவதில்லையே! அறுபத்தொரு வயதான ஒரு காங்கிரஸ் உறுப்பினரை மெக்கின்லி ஏன் தேர்ந்தெடுத்தார்? காங்கிரஸில் வீலரின் இடம் எத்தகையது என்பதையும் யாராவது விளக்க முடியுமா?

மறுமொழி 3: கல்வெட்டு

மேலே எழுதியவர்கள் நேர்த்தியாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் இதுவரை சொல்லப்பட்ட கதையில் கறுப்பின மக்கள் ஓரிடத்திலும் வரவில்லை என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு வீலரின் வாழ்க்கையை எழுதினால், அது அவருக்காக எழுப்பப்பட்ட சிலையின் அடியில் பொறிக்கத்தக்க வாசகமாக மட்டுமே இருக்கும்.

1864 டிசம்பரிலிருந்து தொடங்குகிறேன். ஷெர்மனின் படை சவானா நகரை நோக்கிச் சென்றபோது, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பெருந்திரளாக அதன் பின்னே நடந்தார்கள். எபனேசர் ஓடையைப் படை கடந்ததும், ஜெஃபர்சன் சி. டேவிஸ் என்ற வடக்குத் தளபதி (கூட்டமைப்பின் தலைவரோடு பெயரளவில் மட்டுமே ஒற்றுமை உள்ளவர்) மிதவைப் பாலத்தை அகற்றச் செய்து அம்மக்களை மறுகரையில் கைவிட்டார். பின்னால் நெருங்கிக்கொண்டிருந்தது வீலரின் குதிரைப்படை. அச்சத்தில் குளிர்நீரில் குதித்தவர்களில் பலர் மூழ்கி இறந்தார்கள். எஞ்சியவர்களில் பலர் வீலரின் வீரர்களிடம் சிக்கி மீண்டும் அடிமைத்தனத்துக்கே அனுப்பப்பட்டார்கள். பாலத்தை அகற்றிய பழி வடக்குத் தளபதியைச் சேர்கிறது. ஆனால் அம்மக்கள் ஏன் உயிரைப் பணயம் வைத்து நீரில் குதித்தார்கள் என்ற கேள்விக்கு விடை வீலரின் படைதான். அதே மாதங்களில் அந்தக் குதிரைப்படையின் சூறையாடலைப் பற்றி ஜார்ஜியாவின் வெள்ளையரே புகார் எழுதினார்கள். காக்க வந்தவர்களுக்கும் அழிக்க வந்தவர்களுக்கும் வேறுபாடு காண முடியவில்லை என்பதே அந்தப் புகார்களின் சாரம்.

திருமணத்தின் வழியே அவர் சென்று சேர்ந்த பாண்ட் ஸ்பிரிங் பண்ணையும் அடிமைகளின் உழைப்பால் உருவானது. போருக்குப் பிறகு அங்கே விடுதலை பெற்ற மக்கள் வாரச் சாகுபடி செய்பவர்களாகத் தொடர்ந்தார்கள். சட்டப்படி அவர்கள் விடுதலை பெற்றவர்கள்தான். ஆனால் அந்தக் காலத் தெற்கு முழுவதிலும் நிலமும் கடன் கணக்குப் புத்தகமும் வெள்ளை நில உடைமையாளர் கையில் இருந்தவரை, அந்த விடுதலையின் எல்லை எங்கே முடிந்தது என்பது தெரிந்ததே.

அவருடைய அரசியல் நுழைவும் இதே பின்னணியில்தான் நடந்தது. 1880 தேர்தலில் சனநாயகக் கட்சி சார்பில் அவர் நின்றபோது, எதிர்த்து நின்ற வில்லியம் லோவ், காகிதப் பணத்தை ஆதரித்த கிரீன்பேக் கட்சியைச் சேர்ந்தவர். லோவும் ஒரு முன்னாள் கூட்டமைப்பு அதிகாரியே. ஆனால் ஏழை வெள்ளை விவசாயிகளும் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்துவந்த கறுப்பினத்தவரும் சேர்ந்து அவரை ஆதரித்தார்கள். மிகச் சொற்ப வாக்கு வேறுபாட்டில் வீலர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. லோவுக்கு விழுந்த வாக்குச்சீட்டுகள் பல முறையற்ற காரணங்களைக் காட்டித் தள்ளப்பட்டன என்ற முறையீட்டைப் பிரதிநிதிகள் அவை ஏற்றுக்கொண்டு, 1882 ஜூன் மாதத்தில் வீலரை நீக்கிவிட்டு லோவை அமர்த்தியது. சில மாதங்களிலேயே லோவ் நோயுற்று இறந்துபோக, எஞ்சிய காலத்துக்கான இடைத்தேர்தலில் வீலர் வென்று சில வாரங்கள் மட்டும் பணியாற்றினார். 1884-இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு அவரை அசைக்க யாராலும் முடியவில்லை.

இனி, மெக்கின்லி ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு வருகிறேன். மெக்கின்லி உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் பணியாற்றியவர், குடியரசுக் கட்சியினர். ஸ்பெயினுடனான போர் முழு நாட்டின் போராகத் தோன்ற வேண்டுமானால், தெற்கின் புகழ்பெற்ற முகங்கள் நீலச் சீருடையில் தென்பட வேண்டும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். வீலர் வெஸ்ட் பாயிண்டில் பயின்றவர், நீண்டகாலக் காங்கிரஸ் உறுப்பினர், எதிர்க்கட்சிக்காரர், கியூபாவின் விடுதலைக்கு ஆதரவாகப் பேசிவந்தவர். அந்த நோக்கத்துக்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது.

வடக்கும் தெற்கும் கைகுலுக்கிக்கொண்ட அந்தக் காட்சியை மட்டும் பார்த்து நெகிழ்பவர்கள் அதே ஆண்டுகளில் நிகழ்ந்த மற்றவற்றையும் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். முன்னாள் கூட்டமைப்பு அதிகாரிகளுக்கு இராணுவக் கதவு திறந்த 1896-இல், அடுத்த சில வாரங்களிலேயே, இனப் பிரிவினையைச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்தது. 1898 நவம்பரில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர ஆட்சியையே கவிழ்த்தது. 1901-இல் வீலரின் அலபாமா தன் புதிய அரசியல் சட்டத்தின் மூலம் கறுப்பினத்தவரின் வாக்குரிமையை ஏறத்தாழ முழுவதுமாகப் பறித்தது. இத்தனைக்கும், கியூபாவில் வீலரின் கீழ் போரிட்ட பிரிவில் 9-ஆம், 10-ஆம் குதிரைப்படைகள் இருந்தன. அவை இரண்டும் கறுப்பின வீரர்களைக் கொண்டவை. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் எபனேசர் ஓடையருகே கறுப்பின மக்களைத் துரத்திப் பிடித்த படையின் தலைவருக்குக் கீழே அவர்கள் சான் ஹுவான் குன்றுகளில் ஏறினார்கள், இறந்தார்கள். திரும்பி வந்தபோது அவர்களுக்குக் கிடைத்த மரியாதை, அவருக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

மறுமொழி 4: வடகாற்று

கல்வெட்டு எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். எபனேசர் ஓடை நிகழ்ச்சியை என் மறுமொழியிலேயே நான் சேர்த்திருக்க வேண்டும் என்று சொல்வதும் நியாயமே. ஆயினும் ஒன்றில் மாறுபடுகிறேன். வீலரை வெறும் காட்சிப் பொருளாக மெக்கின்லி பயன்படுத்திக்கொண்டார் என்று சொல்வது, கியூபாவில் அவர் உண்மையில் செய்தவற்றோடு பொருந்தவில்லை.

கியூபாவுக்குச் சென்ற ஜெனரல் ஷாஃப்டரின் ஐந்தாம் படைத்தொகுதியில் குதிரைப்படைப் பிரிவுக்கு அவர் தலைவர்; தியடோர் ரூஸ்வெல்ட் இடம்பெற்ற தன்னார்வக் குதிரைப்படையும் அதில் அடக்கம். கப்பலில் இடம் போதாமையால் வீரர்களின் குதிரைகளில் பெரும்பாலானவை ஃபுளோரிடாவிலேயே விடப்பட்டுவிட்டன. எனவே புகழ்பெற்ற குதிரைப்படை ஜெனரல் தம் இரண்டாவது போரில் நடத்தியது கால்நடையாகச் சென்ற குதிரைப்படை! கரையிறங்கியவர்களில் மூத்த அதிகாரி தாமே என்ற நிலையைப் பயன்படுத்திக்கொண்டு, முன்னணியில் இருக்க வேண்டிய ஜெனரல் லாட்டனின் காலாட்படையை முந்திச் சென்று, 1898 ஜூன் 24 அன்று லாஸ் குவாசிமாஸ் என்னுமிடத்தில் ஸ்பானியரைத் தாக்கினார். அமெரிக்கத் தரப்பில் 16 பேர் இறந்தார்கள். ஸ்பானியர் ஏற்கெனவே பின்வாங்கத் திட்டமிட்டிருந்ததால், அந்தச் சண்டை தேவைதானா என்ற கேள்வி அன்றே எழுந்தது. ஸ்பானியர் ஓடுவதைக் கண்டதும் உற்சாக மிகுதியில் வீலர் வாய்தவறி "யாங்கிகள் (உள்நாட்டுப் போரில் தெற்கத்தியர் வடவர்களை அழைத்த பெயர்) ஓடுகிறார்கள்" என்று கத்தினார் என்னும் பிரபலமான கதை இந்த இடத்துக்கு உரியது. உண்மையோ கட்டுக்கதையோ, இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஜூலை 1 அன்று காய்ச்சலில் படுத்திருந்தவர் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் களத்துக்கு வந்தார். குன்றுகள் பிடிபட்ட பிறகு, இழப்புகளைக் கண்டு பின்வாங்கலாமா என்ற எண்ணம் மேலிடத்தில் எழுந்தபோது அதை உறுதியாக எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர். சாண்டியாகோ நகரின் சரணடைவுப் பேச்சுவார்த்தையிலும் அமெரிக்கத் தரப்பின் ஆணையர்களில் ஒருவராக இருந்தார். லாஸ் குவாசிமாஸில் வெளிப்பட்டது 26 வயதில் டோவரில் காட்டிய அதே அவசரம். ஆனால் சான் ஹுவானில் காட்டிய உறுதியைக் குறைத்து மதிப்பிட முடியாது.

காங்கிரஸ் வாழ்க்கையில் அவர் பெரிய சட்டங்கள் எதையும் தம் பெயரில் விட்டுச்செல்லவில்லை. சுங்கவரிக் குறைப்புக்காகவும் தம் தொகுதியின் டென்னசி ஆற்று மேம்பாட்டுக்காகவும் ஓயாமல் பேசினார். அந்த ஆற்றில் 1930-களில் கட்டப்பட்ட அணை இன்று அவர் பெயரைத் தாங்கியிருப்பது ஓரளவு அதன் பலனே. என்னைக் கவர்ந்தது வேறொன்று: 1862-இல் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு தண்டனை பெற்று நீக்கப்பட்ட வடக்குத் தளபதி ஃபிட்ஸ் ஜான் போர்ட்டருக்கு மீண்டும் பதவி அளிக்க வேண்டும் என்று காங்கிரஸில் முனைந்து வாதாடியவர்களில் வீலரும் ஒருவர். 1886-இல் அந்த முயற்சி வெற்றி பெற்றது.

மறுமொழி 5: பின்னிரவு வாசகி

மெக்கின்லியின் தேர்வைப் புரிந்துகொள்ள, வீலரோடு பதவி பெற்ற மற்றவர்களையும் பார்க்கலாம். ராபர்ட் ஈ. லீயின் அண்ணன் மகனும் குதிரைப்படைத் தளபதியுமான ஃபிட்ஸ்ஹியூ லீ, வெர்ஜீனியாவின் ஆளுநராக இருந்துவிட்டு ஹவானாவில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாகப் பணியாற்றியவர்; அவரும் 1898-இல் மேஜர் ஜெனரல் ஆனார். 1863-இல் பிராண்டி ஸ்டேஷன் போரில் ஒரு பாதத்தை இழந்து, பிறகு தென் கரோலினாவின் செனட்டராக இருந்த மேத்யூ பட்லரும், வெஸ்ட் பாயிண்ட் படிப்பைப் பாதியில் விட்டுத் தெற்கில் சேர்ந்து, பிற்காலத்தில் இரயில்பாதைப் பொறியாளராக வாழ்ந்த தாமஸ் ராசரும் ஜெனரல்களாக நியமிக்கப்பட்டார்கள். நால்வருமே குதிரைப்படைக்காரர்கள் என்பது தற்செயல் அன்று என நினைக்கிறேன்: உள்நாட்டுப் போரில் குதிரைப்படையை நடத்தியவர்கள் இருபதுகளின் பிற்பாதியிலேயே ஜெனரலானவர்கள், அதனால்தான் 1898-இல் சீருடை அணியும் நிலையில் உயிரோடு இருந்தார்கள். இந்நால்வரில் கியூபாவின் போர்க்களத்தில் படை நடத்தியவர் வீலர் மட்டுமே.

போருக்குப் பிந்தைய அவருடைய இறுதி ஆண்டுகளைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. காய்ச்சலோடு திரும்பிய வீரர்களுக்காக நியூயார்க்கின் லாங் ஐலண்டில் மாண்டாக் என்னுமிடத்தில் அமைக்கப்பட்ட முகாமுக்கு அவர் தலைவராக இருந்தபோது, கடற்படைப் பயிற்சி மாணவரான அவருடைய இளைய மகன் தாமஸ் அங்கேயே கடலில் மூழ்கி இறந்தார். மகள் ஆனி கியூபாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் செவிலியராகப் பணியாற்றியவர். மகனை இழந்த மறு ஆண்டே வீலர் பிலிப்பைன்ஸுக்குச் சென்று, ஜெனரல் ஆர்தர் மக்கார்தரின் கீழ் ஒரு பிரிகேடை 1900 ஜனவரி வரை நடத்தினார். கியூபாவில் அவர் போரிட்டது ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக. பிலிப்பைன்ஸிலோ, ஸ்பெயினிடமிருந்து விடுதலை அறிவித்துக்கொண்ட ஒரு மக்களின் படைக்கு எதிராக. அவருடைய இராணுவ வாழ்க்கையில் பேசப்படாமல் போகும் பகுதி இது. ஆனால் மத்திய அரசிடமிருந்து பிரிந்துபோகும் உரிமைக்காக ஒருகாலத்தில் வாளெடுத்தவர் என்பதால், அவரை மதிப்பிடும்போது தள்ளிவிடக் கூடாத பகுதியும் இதுவே.

1900 ஜூனில் நிரந்தர இராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரலாக நியமிக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் தம் 64-ஆம் பிறந்தநாளன்று ஓய்வு பெற்றார். 1906 ஜனவரி 25 அன்று புரூக்ளினில் இறந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவருக்கு இடம் கிடைத்தது, அதுவும் கூட்டமைப்பு வீரர்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் அல்ல. அமெரிக்க இராணுவ அதிகாரி என்ற முறையில் மற்ற அதிகாரிகளோடு. 1925-இல் அலபாமா மாநிலம் அவருடைய சிலையை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் கட்டடத்துக்கு அனுப்பியது. அந்தச் சிலை கூட்டமைப்புச் சீருடையில் நிற்கிறது. இறுதி ஆண்டுகளில் அவரே விரும்பி அணிந்த நீலச் சீருடையை விட்டுவிட்டு, அவருடைய மாநிலம் 1925-இல் எதைத் தேர்ந்தெடுத்தது என்பதைக் கல்வெட்டு எழுப்பிய வாதத்துக்கு ஆதரவான சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.